நாற்பத்தைந்து சென்டிமீட்டர்

ஹெப்சிபா ஞானமுத்துவின் வரைபடங்களை
பதினேழு தடவை திருப்பி அனுப்பியவன் நான்.
அப்போது அது நகராட்சி, பிறகு மாநகராட்சி ஆனது.
என் பச்சை மை மாறவில்லை.
'பரிசீலிக்க இயலவில்லை.'
கரையான் விட்டுவைத்திருந்தால்
பதிவறையில் இன்னும் இருக்கும்.

ஹாலந்தில் படித்துவிட்டு
காட்பாடியில் வந்து இறங்கியவர்.
முதல் நாளே கேட்டார்:
ஆற்காடு சாலையில் ஒரு நாளைக்கு
எத்தனை பேர் நிற்கிறார்கள்?
லாரிக் கணக்கு இருந்தது.
மாட்டுவண்டிக் கணக்குகூட இருந்தது.
நிற்கிறவர்களுக்கு ஏதம்மா எஸ்டிமேட் என்றேன்.
அறையில் இருந்த ஒப்பந்தக்காரர்கள் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவரே எண்ணினார்.
அக்னி நட்சத்திரத்தில், ஆஸ்பத்திரிக்கு எதிரே,
அமுக்கினால் எண் ஏறுகிற சின்ன டப்பாவோடு,
பிற்பகல் மூன்றிலிருந்து நான்கு வரை.
நின்றவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு.
நிழலில் நின்றவர்கள் முப்பத்தெட்டு.
அதில் ஒன்பது பேர் ஒரு விளக்குக் கம்பத்தின் நிழலில்
ஒருவர் பின் ஒருவராக;
நிழல் நகர நகர வரிசையும் நகர்ந்ததாம்.
மற்றவர்கள் தலைக்கு மேல்
எக்ஸ்ரே உறை பிடித்திருந்தார்கள்.
கல்கத்தா, அகர்தலா, சித்தூர்.
யாருடைய நெஞ்சுக்கூடோ
யாருக்கோ குடை.

அந்த ஒரு மணி நேரம்தான் அவருடைய புத்தகம்.
நகரம் போகிற வழியல்ல, காத்திருக்கிற இடம்
என்று அதில் முதல் வரி.
லிஸ்பனில் பேசினார். சாவோ பாவ்லோவில் பேசினார்.
பத்திரிகையில் படம் வந்தது,
ஊர்ப் பெயரில் ஓர் எழுத்துப் பிழையோடு.
ஊரில் கட்டி முடிந்தது இவ்வளவுதான்:
பாகாயத்தில் ஒரு நிழற்குடை
(பிறந்தநாள் பேனர்களுக்குப் பின்னால் தேடினால் தெரியும்),
கஸ்பாவில் ஒரு கழிப்பறைக்குச் சாய்தளம்,
ஆஸ்பத்திரிச் சந்தில் மதிலை ஒட்டி
அறுபது மீட்டருக்கு ஒரு மேடை.
உயரம் நாற்பத்தைந்து சென்டிமீட்டர்.
முழங்காலுக்கு அதுதான் நியாயம் என்பார்.
அதுவும் நடந்தது
நான் மஞ்சள்காமாலையில் படுத்திருந்ததால்.

பெரிய பணம் ஒரே ஒருமுறை வந்தது.
இருநூறு மீட்டர் தள்ளி, பழைய மண்டித் திடலில்
புங்க மரம், கடப்பைக் கல் இருக்கை, குடிநீர்.
நான்கே மாதத்தில் எல்லாம் நிழல்.
ஒருவரும் வரவில்லை. நாய்கள் வந்தன.
ஜனம் பழையபடி
டிரான்ஸ்ஃபார்மர் அடியில் அனலில் உட்கார்ந்திருந்தது.
எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.
அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஒரு வாரம் அந்த டிரான்ஸ்ஃபார்மர் அடியிலேயே
இருந்துவிட்டு என் அறைக்கு வந்தார்.
கையில் கோப்பு இல்லை.
'நாலாவது அத்தியாயம் தப்பு சார்.
நிழல் இருந்தால் போதும் என்று எழுதிவிட்டேன்.
பேர் கூப்பிட்டால் காதில் விழாத தூரத்தில்
சொர்க்கமே இருந்தாலும் போகமாட்டார்கள்.'
இதை ஏன் என்னிடம் சொன்னார் என்று
ரொம்ப நாள் யோசித்தேன்.
அவர் வரைந்ததையெல்லாம் கடைசித் தாள் வரை படித்தவன்
இந்த ஊரில் நான் ஒருவன்தான்,
குறை கண்டுபிடிக்க.

இப்போது வாரம் மூன்று நாள்
என் மனைவிக்கு டயாலிசிஸ்.
அந்த மேடையில்தான் உட்கார்கிறேன்.
முழங்கால் நெஞ்சை இடிக்கிறது.
ஓய்வு பெற்றும் சட்டைப்பையில் டேப் இருக்கும், பழக்கம்.
இழுத்துப் பார்த்தேன்.
முப்பத்தொன்று.
சுரண்டாமல் தாருக்கு மேல் தார்,
மூன்று முறை போட்ட சாலை.
மூன்று பில்லிலும் பச்சை மை.

பக்கத்தில் ஒரு வங்காளத்து அம்மாள்
உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு
காலை நீட்டிக்கொள்ள இடம் விடுகிறார்.
உள்ளே யாரையோ கூப்பிடுகிறார்கள்.
இங்கே நன்றாகக் கேட்கிறது.